அடைமழை நாளில் ஏரியும் மலையும்: மூக்கனேரியிலிருந்து கொல்லிமலைக்கு

இந்த நூலின் மற்ற வழித்தடங்களுக்கெல்லாம் வானம் தெளிந்த நாளாகப் பார்த்துக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் மழை வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளி வறண்ட பூமி. சித்திரையிலோ வைகாசியிலோ இங்கே ஏரி பார்க்க வந்தால் பாளம் பாளமாக வெடித்த வண்டலும் சீமைக் கருவேலமும்தான் கண்ணில் படும். அதே ஏரி ஐப்பசி கடைசியில் கரை தளும்ப நிற்கும். ஆவணி, புரட்டாசியில் மாலை நேரத்து இடிமழை நிலத்தை ஊற வைத்துவிடும். அதன்மேல் அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை வந்து சேரும்போது, பெய்கிற தண்ணீரில் பெரும்பங்கு ஓடை பிடித்து ஏரிக்கு வந்துவிடுகிறது. தீபாவளிக்கு அடுத்த வாரம் தொடங்கி கார்த்திகை தீபம் வரையுள்ள நாட்கள்தான் இந்தப் பயணத்துக்கு உரியவை. பயணத்தின் நோக்கமும் தண்ணீர்தான். ஊர் நடுவில் இருக்கும் ஓர் ஏரியில் தொடங்கி, மலை ஏறி, அங்கிருந்து இறங்கும் நீர் நிறைக்கும் வேறோர் ஏரியின் கரையில் முடிக்கப்போகிறோம்.

மழை வேண்டும் என்றால் எந்த மழையும் ஆகும் என்று பொருளில்லை. விட்டுவிட்டுப் பெய்யும் மழை, நாள் முழுக்க நூல் போல இறங்கும் தூறல், முதல் நாள் இரவு கொட்டிவிட்டு விடிகாலையில் ஓய்ந்த மழை ஆகியவை நமக்கானவை. புயல் மழை நமக்கானதல்ல. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக நிறம் குறித்து எச்சரிக்கை வெளியிடுகிறது. சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ ஆரஞ்சு, சிவப்பு என்று வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மஞ்சள் என்றால் முதல் நாள் மாலையும் கிளம்பும் காலையும் ஒருமுறை பார்த்து முடிவெடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை ஒட்டிக் கொட்டிய மழையில் ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. புயல் கரையேறியது புதுச்சேரிப் பக்கம்; மண் சரிந்தது இங்கே. கடலோரச் செய்தி நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைத்து மலைச்சாலை திறந்திருக்கிறதா என்று கேட்கலாம்.

ஏற்காடு பக்கத்திலேயே இருக்கும்போது கொல்லிமலை எதற்கு என்று சேலத்து நண்பர்கள் கேட்பார்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், இங்கே 70. ஏற்காட்டில் மலை உச்சியிலேயே ஏரி, கரையைச் சுற்றிக் கடைகள். அது ஒரு நாள் தங்கி இளைப்பாறும் ஊர். கொல்லிமலையோ இன்னமும் உழுது பயிரிடும் மலை. மழை நாளில் அங்கே வயலில் ஆட்கள் இருப்பார்கள். அதைப் பார்க்கத்தான் போகிறோம்.

மொத்தம் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். சொந்த வண்டியோ வாடகைக் காரோ இருந்தால்தான் ஒரே நாளில் எல்லாம் முடியும். பேருந்தில் போகிறவர்கள் ஏரிகளை விட்டுவிட்டு மலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு அரசுப் பேருந்துகள் உண்டு. மேலே இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடமே கேட்டுக்கொள்வது. இருசக்கர வண்டியில் மழை நாளில் இந்த வளைவுகளை ஏறுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பழகியவர்கள் போகிறார்கள். ஆனால் உதிர்ந்த இலையும் சேறும் கலந்த வளைவில் சறுக்குவதற்குப் பழக்கம் பார்க்காது.

விடிகாலை: மூக்கனேரி

ஐந்தே முக்கால் மணிக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் இருங்கள். வடக்கே சேர்வராயன் மலை நிற்கும், அல்லது மேகம் மூடி மலை இருந்த இடமே தெரியாமல் இருக்கும். இரண்டும் அழகுதான். அந்த மலையடிவாரத்து ஓடைகள்தான் இந்த ஏரிக்குத் தாய். மேலே புது ஏரி நிறைந்து வழிந்தால் இங்கே வரும். இது நிறைந்தால் திருமணிமுத்தாற்றை நோக்கிப் போகும். ஒன்றன் வழிவு இன்னொன்றின் வரத்து. இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாமே இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ளவை அத்தனையும் காயும்.

மூக்கனேரியின் பரப்பு சுமார் 58 ஏக்கர். குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்த ஏரியை 2010-ல் சேலம் மக்கள் குழு கையிலெடுத்தது. தூர்வாரிய வண்டலை லாரியில் ஏற்றி அப்புறப்படுத்தவில்லை; ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, ஓரத்தில் மண் சரியாமல் புல்லும் மரமும் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகள் அடர்ந்த தீவுகள். மழை நாளின் முதல் வெளிச்சத்தில் அந்த மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்தப் பார்க்கும், உலராது, மறுபடி விரிக்கும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் எளிதாகத் தென்படும். நாரைக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இருநோக்கி இருந்தால் எடுத்து வாருங்கள். பிள்ளைகளை அழைத்து வந்தால் ஒரு தீவைக் காட்டி, இது ஏரியின் அடியில் கிடந்த மண் என்று சொல்லுங்கள், நம்பமாட்டார்கள்.

இங்கே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். நான் பல முறை பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். அந்த நாட்களில் எந்தப் பறவையையும் சரியாகப் பார்த்ததில்லை.

பனமரத்துப்பட்டியும் சேகோ பூமியும்

ஏழு மணிக்குக் கிளம்பி நகரைத் தாண்டித் தெற்கே வாருங்கள். நாமக்கல் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே பிரிந்தால் பனமரத்துப்பட்டி ஏரி. நூறாண்டுக்கு முன் சேலம் நகரத்தின் குடிநீருக்காகவே அமைத்தது. ஜருகுமலையிலும் போதமலையிலும் பெய்கிற மழை இதற்கு வர வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை வந்தது. பின்னாளில் நகரம் காவிரித் தண்ணீருக்கு மாறியது. இந்த ஏரியின் மேல் இருந்த அக்கறையும் போய்விட்டது. சீமைக் கருவேலம் காடாகப் புகுந்தது. நான் இதை உங்கள் பட்டியலில் சேர்ப்பது அழகுக்காக அல்ல. மூக்கனேரியைப் பார்த்த கண்ணோடு இதையும் பார்த்தால்தான், கவனிக்க ஆள் இருக்கும் ஏரிக்கும் ஆள் இல்லாத ஏரிக்கும் உள்ள வேறுபாடு நெஞ்சில் தைக்கும். நேரம் குறைவென்றால் கரைமேல் கால் மணி நேரம் போதும். மழைக்காலத்தில் ஏரிக்குள் இறங்கி நடக்காதீர்கள். முள்ளும் புதைசேறும் கலந்து கிடக்கும்.

மீண்டும் நெடுஞ்சாலைக்கு வந்து, மல்லூர், ஆண்டகளூர்கேட் வழியாக ராசிபுரம். காலைச் சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் தலை சுற்றுகிறவர்கள் பூரியும் நெய் ரோஸ்ட்டும் ஒதுக்கிவிட்டு இட்லியோடு நிறுத்துவது நல்லது. கழிவறைத் தேவையையும் உணவகத்திலேயே முடியுங்கள், குறிப்பாகப் பெண்கள். இதற்கடுத்து நம்பிப் போகக்கூடிய இடம் மலைமேல் செம்மேடுதான். வண்டிக்கு எரிபொருளும் இங்கே நிரப்பிக்கொண்டால் கவலையில்லை. கையில் ரொக்கம் வைத்திருங்கள். மலையில் அலைபேசி அலைவரிசை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

ராசிபுரத்தைச் சுற்றி மழை நாளில் ஒரு புளித்த வாடை காற்றோடு வரும். புதிதாக வருகிறவர்கள் சாக்கடை என்று மூக்கைப் பொத்துவார்கள். அது சேகோ ஆலை வாடை. குச்சிக்கிழங்கை அரைத்து, மாவைத் தொட்டியில் தெளிய வைத்து, ஜவ்வரிசியாக்கிக் களத்தில் காய வைப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு மாவு வரத்து நின்றபோது சேலத்தில் பிடித்த தொழில் இது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தபின் ஆலைக்காரர்களுக்கு ஏலமும் கிடங்கும் ஒரே இடத்தில் கிடைத்தன. வெயில் நாளில் கண் கூசும் வெள்ளையாக இருக்கும் களங்கள் ஐப்பசியில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும். நமக்கு மழை பிடிக்கிற அளவுக்கு ஆலையில் கூலி வேலை செய்கிறவர்களுக்குப் பிடிக்காது. களம் காயாத நாளில் வேலையும் குறையும்.

குச்சிக்கிழங்கை நினைவில் வைத்திருங்கள். மலைமேல் அது மறுபடி வரும்.

ராசிபுரத்துக்குக் கிழக்கே முகில் சூழ நிற்பது போதமலை. பல தலைமுறைகளாக வண்டிச் சாலை இல்லாமல் மக்கள் நடந்தே ஏறி இறங்கிய மலை. தேர்தலுக்கு வாக்குப்பதிவுச் சாமான்களையே தலைச்சுமையாகத்தான் கொண்டுபோனார்கள். சாலையிலிருந்து பார்த்துவிட்டுப் பேளுக்குறிச்சிப் பாதையைப் பிடியுங்கள். வழியெல்லாம் பாக்குத் தோப்பு, ஆளுயர மரவள்ளி, அகல இலை விரித்த மஞ்சள் வயல். பக்கத்து நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போன ஊர். பேளுக்குறிச்சிச் சந்தை மளிகைச் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. ஒரு வருடத்துக்கு வேண்டிய மல்லி, மிளகு, சீரகத்தை வாங்க வெளியூர்க்காரர்கள் கோடையில் வந்து குவிவார்கள். ஐப்பசியில் அந்தக் கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதும் முன்னால் மலை சுவர் போல எழும். அடிவாரம் காரவள்ளி.

எழுபது வளைவுகள்

காரவள்ளியில் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் காலாற நடங்கள். இது பொழுதுபோக்குக்காக இல்லை. இங்கிருந்து சோளக்காடு வரை 70 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். முப்பதைத் தாண்டும்போது எண்ணும் குரல் மெலியும். அப்போது ஒரு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், அலைபேசியை வாங்கி வையுங்கள். வெளியே தூரத்தைப் பார்க்கச் சொன்னால் பாதி குமட்டல் அடங்கும்.

ஓட்டுகிறவருக்குச் சில விதிகள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் தேடினால் வண்டி பின்னால் நகரும். மூடுபனி இறங்கினால் முகப்பு விளக்கைத் தாழ்வாக வையுங்கள். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணைத்தான் கூசச் செய்யும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலிப்பானை ஒருமுறை அழுத்துங்கள், மேலிருந்து வருவது பேருந்தாக இருக்கலாம். சிறு கற்கள் சாலையில் சிதறிக் கிடந்தாலோ, சரிவிலிருந்து இறங்கும் நீர் தெளிவாக இல்லாமல் செந்நிறமாகக் கலங்கி வந்தாலோ, அந்த இடத்தில் படம் எடுக்க நிற்காதீர்கள். மேலே மண் நெகிழ்கிறது என்பதற்கு அவை அறிகுறி. குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம். அதை எதிர்பார்த்தே அவை வளைவில் வந்து உட்காருகின்றன.

இந்த ஏற்றத்தில் நான் கண்ட மிகச் சிறந்த காட்சி, பாதிக்கு மேல் ஏறியபின் ஒரு தூறல் நாளில் கிடைத்தது. மேகம் நமக்குக் கீழே போய்விட்டது. அதில் ஒரு கிழிசல் விழுந்து, கிழிசலின் அடியில் சமவெளி ஏரிகள் ஈயத் தகடுகளாகத் தெரிந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. காலையில் ஒவ்வொன்றாகக் கடந்து வந்தபோது தெரியாத சங்கிலி மேலிருந்து முழுதாகத் தெரிந்தது. வண்டியிலிருந்த ஒருவரும் பேசவில்லை. அது எல்லா நாளும் கிடைக்காது. கிடைத்தால், அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி மேகம் மூடும்வரை பாருங்கள்.

மேலே

சோளக்காடு வந்ததும் மலை முடிந்து வேறொரு சமவெளி தொடங்குவது போல இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறீர்கள். உச்சி கூர்மையாக இல்லாமல் பரந்து கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு உயரத்தில் பள்ளங்களில் நெல் விளைகிறது. சரிவுகளில் காப்பி, சில்வர் ஓக் மரங்களைப் பற்றிய மிளகுக் கொடி, அன்னாசி, வாழை. கார்த்திகையை ஒட்டிக் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியிருக்கும். சோளக்காட்டுச் சந்தைக் கடைகளில் மலை வாழைப்பழம், தேன், மிளகு வாங்கலாம். கட்டாயம் பேரம் பேச வேண்டும் என்று நினைக்காதீர்கள். சுமந்து வந்த தூரத்தை அந்த அம்மாவிடம் கேட்டால் பேரம் பேச வாய் வராது.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் வழியில் தோன்றியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் மரபுக்கதை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று ஊர்கள் நாடுகளாகவே அழைக்கப்படுகின்றன. நம் சமவெளி அவர்களுக்குக் கீழ்நாடு. பெரியவர்களை ஐயா, அம்மா என்றே கூப்பிடுங்கள். வயலில் நிற்பவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சம்மதிப்பார்கள்.

ஒருமுறை சாமை அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மழைக்குப் பயந்து அவசரமாக அறுத்தார். "எங்கப்பன் காலத்துல இந்தச் சரிவு முழுக்கச் சாமையும் கேழ்வரகும்தானுங்க. இப்ப பாதிக்கு மேல குச்சிக்கெழங்கு. அது காசு. இது சோறு" என்றார். ராசிபுரத்தில் மூக்கில் ஏறிய வாடை நினைவுக்கு வந்தது. கீழே ஆலைகளுக்கு வேண்டிய கிழங்கு மேலே சிறுதானியத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. கிழங்கைப் பிடுங்கும்போது சரிவின் மண் கிளறப்படுகிறது. அடுத்த மழையில் அது ஓடையோடு போகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சாமை, தினை, கேழ்வரகு விதைகளைக் காக்கவும் அவற்றுக்கு விலை கிடைக்கவும் இந்த மக்களோடு வேலை செய்திருக்கிறது. உங்களால் ஆனது, திரும்பும்போது ஒரு கிலோ சாமை வாங்குவது. கடையில் இல்லையென்றால் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் அடுத்த வருடம் விதைப்பார்கள்.

செம்மேடு மலையின் தலைமை ஊர். மதியச் சாப்பாட்டை இங்கே முடிக்கலாம். ஊர் நடுவில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்குத் தலைவன். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியது இவனைத்தான். ஆடிப் பெருக்கை ஒட்டி அரசு விழா எடுக்கிறார்கள். அந்த நாட்களில் வந்தால் கூட்டம். இப்போது வந்தால் சிலையும் மழையும் நீங்களும் மட்டும்.

சாலையோரத்தில் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. மயிர் அடர்ந்த ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டு வலிக்கு நல்லது என்று இங்கே நம்பிக்கை. மருந்தாக நினைத்து நான் பரிந்துரைக்கமாட்டேன். நனைந்த உடம்புக்கு மிளகு தூக்கலாகச் சூடாக ஒரு குவளை குடிப்பதற்கு இணை எதுவும் இல்லை, அவ்வளவே. கிழங்கை மூட்டையாக வாங்கி வர வேண்டாம். பாறையைச் சுரண்டி எடுப்பது மறுபடி வளர நாளாகும்.

செம்மேட்டுக்குப் பக்கத்தில் வாசலூர்ப்பட்டி. சிறிய ஏரி, படகு இல்லம், அருகே தாவரவியல் பூங்கா. மழை பெய்யும்போது படகு விடமாட்டார்கள். வருந்த வேண்டாம். கரையில் ஒதுங்க இடம் பார்த்து உட்கார்ந்து, நீர்ப்பரப்பின் மேல் மழை நடந்து வருவதைப் பாருங்கள். எதிர்க்கரை முதலில் மறையும், பிறகு ஏரியின் நடு, பிறகு நம் காலடி. சமவெளியில் ஏரி பெரிது, அதனால் மழையின் விளிம்பு தெரியாது. இந்தச் சிறிய ஏரியில் தெரியும்.

அறப்பள்ளியும் ஆகாய கங்கையும்

செம்மேட்டிலிருந்து பெரியகோவிலூர் போகும் பாதை அய்யாற்றின் போக்கில் இறங்கி ஏறும். அங்கே அறப்பளீசுவரர் கோயில். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது இந்த இறைவனை முன்னிறுத்தித்தான். கோயிலையொட்டி ஓடும் ஆற்றின் மீன்களைத் தெய்வமாகக் கருதுகிறார்கள். அவற்றைப் பிடிக்கும் வழக்கம் இல்லை. மதியம் நடை சாத்தியிருந்தால் பிரகாரத்துக்கு வெளியே காத்திருங்கள். மழையில் நனைந்த கருங்கல் வழுக்கும். வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆறுதான் சற்றுத் தள்ளி ஆகாய கங்கையாக 300 அடி அளவில் விழுகிறது. அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இங்கே நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. மழை நாளில் அருவிக்கு இறங்காதீர்கள். வனத்துறை தடை வைத்திருந்தால் காவலரிடம் கெஞ்சாதீர்கள். தடை இல்லாவிட்டாலும், முதல் நாள் இரவு நல்ல மழை என்றால் நீங்களாகவே விட்டுவிடுங்கள். நமக்குத் தெரியாத மலை மூலையில் கொட்டும் மழை கால் மணி நேரத்தில் இங்கே வெள்ளமாக வந்து சேரும். நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அந்த நொடியே மேடேற வேண்டும். ஈரப் படியில் இறங்குவதைவிட ஏறுவது கடினம். களைத்த முழங்கால் திரும்பும்போதுதான் பிசகும். தூரத்திலிருந்து அதன் ஓசை கேட்கும். ஐப்பசியில் அதுவே போதுமானது. குளிக்க ஆசைப்பட்டால் தை, மாசியில் தனியாக ஒரு நாள் வாருங்கள். மாசிலா அருவி, நம்மருவி என்று சிறியவையும் உண்டு. அவற்றுக்கும் மழை நாளில் இதே விதிதான்.

விழுந்த ஆறு கிழக்கே புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. மலையின் மேற்குச் சரிவுத் தண்ணீர்தான் நாமக்கல் ஏரிகளுக்கு. அதைப் பின்தொடர்ந்து நாமும் இறங்க வேண்டும்.

இறக்கம்

நவம்பரில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும். மழை மேகம் இருந்தால் அதற்கும் முன்பே. எனவே மூன்றே முக்காலுக்குச் சோளக்காட்டில் இருங்கள், ஐந்தரைக்குள் காரவள்ளி. எதையாவது விட்டுவிட வேண்டியிருந்தால் பூங்காவை விடுங்கள், கோயிலைக்கூட விடுங்கள், வெளிச்சத்தை விடாதீர்கள்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடகைக் காரில் இறங்கியபோது பாதி வழியில் கருகிய ரப்பர் வாடை வந்தது. ஓட்டுநர் தம்பி சமவெளியில் மட்டுமே ஓட்டியவர். வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியிருந்தார். மிதி கிட்டத்தட்டத் தரைவரை போனது. நல்லவேளையாக அகலமான திருப்பம் ஒன்று கிடைத்தது. சக்கரத்துக்குக் கல் வைத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சூடு தணிய ஓடைத் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்டார். கூடாது, கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். தானாக ஆற வேண்டும். என் தாயாரும் அன்று வண்டியில் இருந்தார். அதனால்தான் வாடகை வண்டி பேசும்போதே "மலை ஓட்டிப் பழக்கம் உண்டா?" என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.

தூசூர், நாமக்கல்

அடிவாரத்திலிருந்து சேந்தமங்கலம் வழியாக நாமக்கல். வெளிச்சம் மிச்சமிருந்தால் துறையூர் சாலையில் சில கிலோமீட்டர் போய்த் தூசூர் ஏரியைப் பாருங்கள். கொல்லிமலை அடிவார ஓடைகள் கொண்டுவரும் நீர் சேருமிடம். நல்ல மழை வருடத்தில் இங்கே கோடி விழும். ஏரி நிறைந்து கலிங்கு வழியே வழிவதை இந்தப் பக்கத்தில் கோடி விழுவது என்பார்கள். கோடி விழுந்த செய்தி பரவினால் ஊரே கரைக்கு வரும். பூத்தூவிப் பொங்கல் வைப்பார்கள், சில ஊர்களில் கிடா வெட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் கோடித் தண்ணீரில் துள்ளும் மீனைத் துண்டு விரித்துப் பிடிப்பார்கள். அப்படி ஒரு மாலையில் கரையில் நின்ற பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து, "பாத்துக்க கண்ணு, எத்தனை வருஷம் கழிச்சு உழுகுது தெரியுமா" என்றார். முன்பின் தெரியாதவர். காலையிலிருந்து நனைந்த சட்டையோடு நின்ற எனக்கு அந்த ஒரு நிமிடத்துக்காகவே வந்தது போல இருந்தது. கோடி விழும் இடத்தில் தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள். முழங்கால் அளவு ஓட்டம்கூடக் காரைத் தள்ளிவிடும்.

நாமக்கல்லுக்கு வரும்போது இருட்டியிருக்கும். ஒற்றைப் பாறைக் குன்று, அதன் மேல் கோட்டை, அடியில் அதியமான் மரபினர் குடைந்த நரசிம்மர் குடைவரை, எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயர், பக்கத்தில் கமலாலயக் குளம். இவற்றுக்குத் தனி அத்தியாயம் உண்டு. இன்றைக்கு ஆஞ்சநேயரை மட்டும் பாருங்கள். அவருக்கு மேற்கூரை இல்லை. நாள் முழுக்க நம்மைப் போலவே நனைந்திருப்பார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை ஊரிலேயே உட்கார்ந்து முட்டை தோசை கேளுங்கள். சேலம் வரை பசி தாங்கும் என்றால் அங்கே போய்த் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் காரச் சட்னியும் வைத்துத் தருவார்கள். மழைக்கு அந்தக் காரம் சரியாக இருக்கும். 44-ஆம் எண் சாலையில் இரவு லாரிகள் மிகுதி. இது லாரி ஊர். மழையில் முன்னால் போகும் லாரியின் சக்கரம் தெறிக்கும் நீர் கண்ணாடியை மூடும்போது முந்தப் பார்க்காமல் பின்தங்கிவிடுங்கள்.

வீடு சேர்ந்ததும் நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், காலைக்குள் ஈரம் இழுத்திருக்கும். சாமையை அன்றிரவே பையிலிருந்து எடுத்துத் தட்டில் பரப்புங்கள். மழைக் காற்றில் வந்த தானியம் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மறுநாள் வண்டியைப் பணிமனையில் விட்டு பிரேக் கட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.